டோல்கி கேட்கும் வரை

என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பாடுகிறவரின் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

போன மாதம் மகன் என்னைக் கொழும்பில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மைதானம் நிறையச் சனம். பாடகர் எங்கோ தூரத்தில் சுண்டுவிரல் நகமளவு தெரிந்தார். அவருக்குப் பின்னால் வீடு உயரத்துக்குத் திரை. எல்லாரும் திரையைத்தான் பார்த்தார்கள். அதையும் நேராகப் பார்க்காமல் கைபேசிக்குள்ளால் பார்த்தார்கள். "எப்பிடி அம்மா இருக்கு?" என்று மகன் கேட்டான். "நல்லா இருக்கு. ஆனா அந்த மனிசன் உண்மையிலேயே வந்திருக்கிறாரோ?" என்று கேட்டுவிட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பகிடிக்குக் கேட்கவில்லை. நான் பழகிய கச்சேரி வேறு மாதிரி.

அப்போது எனக்குப் பத்து வயது. திருகோணமலையில் உள்துறைமுகப் பக்கம், மூதூருக்கு ஆளேற்றும் லோஞ்ச் படகு புறப்படுகிற ஜெற்றிக்குப் போகும் வழியில் ஒரு கூல்பார் இருந்தது. முன்பக்கம் சர்பத்தும் பலூடாவும் ஐஸ்கிறீமும் விற்கிற கடை. பின்பக்கம் ஒரு நீட்டு அறை. கிழமை நாட்களில் அங்கே சோடாப் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டிகளை எல்லாம் வெளியே எடுத்து நாற்பது கதிரை போடுவார்கள். நாற்பத்தோராவது கதிரையைப் போட்டால் கதவு திறக்காது. மூன்று மணிக்குக் கச்சேரி தொடங்கும்.

ரிக்கற் ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு கிளாஸ் ஏதாவது குடித்தால் போதும். மெழுகு பூசிய கடதாசியில் உறிஞ்சி தருவார்கள், நினைவிருக்கிறதா? பத்து நிமிடத்தில் நுனி நைந்து வாய்க்குள் கடதாசி வரும். சர்பத் முடியும்போது கிளாசின் அடியில் அது போடும் சத்தத்துக்கு அந்த அறையில் கடும் தடை. பாட்டு நடக்கும்போது யாராவது அப்படி உறிஞ்சிவிட்டால், அக்கோடியன் வாசித்துக்கொண்டே கூல்பார் முதலாளி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பயந்து எல்லாரும் கடைசி இரண்டு மிடறை அப்படியே விட்டுவிடுவோம். கசகசா எல்லாம் அடியில் தேங்கி நிற்கும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

முதலாளி நல்ல பருமன். அக்கோடியனும் அவருடைய வயிறும் சேர்ந்தே விரிந்து சேர்ந்தே சுருங்கும். பாடுகிறவர் தந்திக் கந்தோரில் வேலை செய்த ஒருவர். தந்திக்காரர் என்றே ஊர் சொல்லும். பேசும்போது தந்தி மாதிரி இரண்டு சொல்தான் வரும். பாடத் தொடங்கினால் நிறுத்தவே மாட்டார். அறை மூலையில் ஒரு பழைய பிறிட்ஜ் இரைந்துகொண்டு நிற்கும். அதைத்தான் தந்திக்காரர் சுருதியாக வைத்துக்கொள்வார். கண்ணை மூடி, தலையைப் பிறிட்ஜ் பக்கம் சாய்த்து, "ம்ம்" என்று பிடிப்பார். பாட்டின் நடுவில் பிறிட்ஜ் தானாக நின்றுவிடும். தந்திக்காரரின் முகம் அப்போது தாயைத் தவறவிட்ட பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிடும். நாங்கள் முதல் வரிசையில் இருந்து சிரிப்பை அடக்குவோம். சினிமாப் பாட்டு, பொப் பாட்டு, பைலா எல்லாம் இருக்கும். கடைசியில் அவரே கட்டிய லோஞ்ச் பாட்டு ஒன்று வரும். அதற்கு எத்தனை அடி என்று ஒருவருக்கும் தெரியாது. சனம் கேட்கக் கேட்க அடி வளரும்.

டோல்கி என் அப்பா. மடியில் குறுக்கே வைத்து இரண்டு கையாலும் அடிக்கிற அந்தச் சின்ன மேளம். என் முழங்காலுக்கும் அப்பாவின் முழங்காலுக்கும் இடையில் ஒரு சாண் தூரந்தான். பாட்டு ஏறும்போது அவருடைய மூக்கு நுனியில் வியர்வை திரண்டு நிற்கும். விழுமோ விழாதோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மின்விசிறி கீச்சிடும் என்பதால் பாட்டு நேரத்தில் அதை நிறுத்திவிடுவார்கள். கச்சான் காற்று அனலாக அடிக்கிற ஆவணி மாதம் அது. நாற்பது பேரின் வியர்வையும், ரோஸ் சிறப் மணமும், அக்கோடியனின் பழைய தோல் மணமும் கலந்து வரும். அந்த மணம் இப்போது எங்கேயும் இல்லை. சொர்க்கத்துக்கு ஒரு மணம் இருந்தால் அதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

அப்பாவுக்கு டோல்கி தொழில் அல்ல. மூதூர் லோஞ்சை ஓட்டுவதுதான் தொழில். மூதூர்ச் சனம் அவரைத் தண்டயல் என்று மரியாதையாகக் கூப்பிடும். இப்போது மூதூருக்குப் பாலங்களுக்கு மேலால் பஸ் போகிறது. அப்போது கொட்டியாரக் குடாவைக் கடக்க லோஞ்ச் ஒன்றுதான் வசதி. மூதூர் ஆட்கள், சம்பூர் ஆட்கள், கிளிவெட்டி ஆட்கள் எல்லாரும் காலையில் வந்து, பட்டினத்தில் அலுவல் பார்த்து, மாலை ஐந்து மணிக்குக் கடைசி லோஞ்சில் திரும்புவார்கள். அப்பா இரவு மூதூரில் தங்கி அடுத்த நாள் வருவார்.

ஐந்து மணி என்பது அட்டவணையில் எழுதியிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அது கொஞ்சம் இளகிவிடும். தண்டயல் டோல்கி அடிக்கிறார். தண்டயல் இல்லாமல் லோஞ்ச் போகாது. ஆகவே டோல்கி கேட்கும் வரை லோஞ்ச் நிற்கிறது என்று பொருள். இது சனம் தானாகக் கண்டுபிடித்த கணக்கு. ஒருவரும் மணிக்கூடு பார்ப்பதில்லை. கூல்பார் சின்னது என்பதால் அவர்களுக்குள் ஒரு ஒழுங்கும் இருந்தது. தூரத்திலிருந்து வந்தவர்கள் முதல் பாதிக் கச்சேரியைக் கதிரையில் இருந்து பார்ப்பார்கள். இடைவேளையில் எழும்பிப் பட்டினத்து ஆட்களுக்கு இடம் விட்டுவிட்டு, பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் போய் இருப்பார்கள். நடுவில் பலகைச் சுவர்தான். காலடியில் மூட்டை, கையில் பிளேன்ரீ, காதில் கச்சேரி. "டோல்கி கேக்குதானே, இன்னொரு தேத்தண்ணி போடுங்க" என்பார்கள். டோல்கி நின்ற பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜெற்றிக்கு நடப்பார்கள். ஐந்தரைக்கு லோஞ்ச் புறப்படும். ஏழு மாதம் இப்படித்தான் நடந்தது. ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

அம்மாவுக்கு மட்டும் குறை இருந்தது. டோல்கியை அவர் "அந்தச் சனியன்" என்றுதான் சொல்வார். அப்பா வீட்டில் கை வைக்கும் எல்லாவற்றிலும் தாளம் போடுவார். சாப்பாட்டு மேசை, தண்ணீர்ப் பீப்பா, அம்மாவின் தையல் மெசின் மூடி, ஒன்றும் மிச்சமில்லை. "இந்த மனிசனுக்குக் கை இருக்கிறது ஒரு வருத்தம்" என்று அம்மா முறைப்பார்.

இனிக் கதைக்கு வருகிறேன். மூதூரில் ஒரு ஹெட்மாஸ்டர் இருந்தார். ஞாயிறு தவறாமல் கூல்பாருக்கு வருவார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட், சட்டைப் பையில் இரண்டு பேனை. பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளைக்கு அடி நிச்சயம் என்று பெயர் எடுத்தவர். டோல்கிக்கு அவரைப் போல ஒரு ரசிகர் இல்லை. ஒரு ஞாயிறு அவர் எழும்பி நின்று, ஒரு நல்ல காரியம் செய்திருப்பதாகச் சொல்லி, ஒரு கடதாசியை எடுத்து வாசித்தார்.

பெட்டிசம்! நம்முடைய நாட்டில் பெட்டிசம் எதற்கு எழுதுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலி தள்ளிப் போட்டால் பெட்டிசம், தபால்காரர் சிரிக்காவிட்டால் பெட்டிசம். ஒருவரைப் புகழ்ந்து பெட்டிசம் எழுதியவர்கள் நான் அறிய மூதூர்ச் சனம் மட்டும்தான். லோஞ்சை நடத்திய கந்தோருக்கு எழுதியிருந்தார்கள். "கனம் ஐயா அவர்கட்கு, எமது தண்டயல் அவர்கள் டோல்கி வாசிப்பதில் இணையற்றவர். அன்னாரின் வாசிப்பின் காரணமாக ஞாயிறு தினங்களில் லோஞ்ச் கடந்த ஏழு மாதங்களாக ஐந்தரை மணிக்கே புறப்படுகின்றது. இதனால் எமக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை. எனினும் கடைசிப் பாடலை மனப்பாரமின்றிக் கேட்கும் பொருட்டு, புறப்படும் நேரத்தையே ஐந்தரை என மாற்றித் தந்தால் என்றும் நன்றியுடையோராவோம்." கீழே நாற்பத்தாறு கையொப்பம்.

அறையே கை தட்டியது. அப்பா வெட்கப்பட்டு நிலத்தைப் பார்த்தார். பிறகு, "மாஸ்டர், அந்த இணையற்றவர் எண்ட இடத்தை இன்னொருக்கால் வாசியுங்கோ" என்றார். மாஸ்டர் இன்னொரு தரம் வாசித்தார். அடுத்த நாள் காலை மூதூர்த் தபால் கந்தோரில் அது பெட்டிக்குள் போனது.

அன்று மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்று பெருமையாகச் சொன்னார். அம்மா திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, அதில லோஞ்ச் எத்தினை மணிக்கு வெளிக்கிடுதெண்டும் எழுதியிருக்கோ?"

"ஓம். ஏழு மாசமா அஞ்சரைக்கு எண்டு வடிவா எழுதியிருக்கு."

"எத்தினை மணிக்கு வெளிக்கிட வேணும்?"

"அஞ்சுக்கு."

அம்மாவின் கை நின்றது. "ஆரால பிந்துதெண்டும் எழுதியிருக்கோ?"

அப்பா வாசல் நிலையை நகத்தால் சுரண்டினார்.

"பேர் போட்டோ?"

"முழுப் பேரும்," என்றார் அப்பா. குரல் ஏற்கெனவே இறங்கிவிட்டது.

"இது உங்களைப் புகழ்ந்த கடுதாசி இல்லை. காட்டிக் குடுத்த கடுதாசி."

சாட்சிக்கு நாற்பத்தாறு பேர் கையொப்பமும் வைத்திருந்தார்கள்.

இரண்டு கிழமையில் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வருகிற ஞாயிறு ஒரு இன்ஸ்பெக்டர் நேரில் வருவார். எழுதியிருப்பது உண்மை என்று கண்டால் அப்பாவை லோஞ்சிலிருந்து இறக்கி, கரையில் உள்ள ஸ்டோருக்குப் போடுவார்கள். ஸ்டோரில் வேலை என்றால் துரு சுரண்டுவதும் பெயின்ற் கலக்குவதும். பதினெட்டு வயதிலிருந்து தண்ணீரில் நின்ற மனிதர் அவர். கரையில் அவரை நினைத்துப் பார்க்கவே எனக்கு ஏலாமல் இருந்தது. அப்பா டோல்கியைத் துணியால் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார். சாப்பாடும் பாதியாகக் குறைந்தது. மேசையில் தாளம் நின்றுபோனது. வீடு அமைதியாக இருந்தது. அம்மாவுக்கு அது சந்தோஷம் என்றுதான் நான் நினைத்தேன்.

ஹெட்மாஸ்டரோடு அப்பா கதைப்பதை நிறுத்திவிட்டார். முன்பு ஒருமுறை லோஞ்ச் ஆடியபோது மாஸ்டரின் புதுக் குடை கடலில் விழுந்தது. அப்பா லோஞ்சைத் திருப்பவில்லை. "அந்தக் குடைக்குப் பழி வாங்கிப்போட்டார்" என்று அப்பா உறுதியாக நம்பினார். பாவம் மாஸ்டர். அவருடைய பெட்டிசம் என்ன செய்துவிட்டது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அப்பா கடிதத்தைப் பற்றி வெளியில் சொன்னது கூல்பார் முதலாளி ஒருவரிடம் மட்டும்.

அந்த ஞாயிறு வந்தது. ஆவணி லீவு, அடுத்த நாளும் பள்ளிக்கூடம் இல்லை. அம்மா என்னைக் கூப்பிட்டுச் சட்டை மாற்றிவிட்டார். "நீ லோஞ்சில அப்பாவோட இரு. அவர் அந்த ஜெற்றியை விட்டு அங்கால போகப்படாது. போனா, சட்டையில பிடிச்சு இழு." ஆக, என் அப்பாவுக்குக் காவல் நான்.

நாலரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, கக்கத்தில் பைல், கையில் பிளாஸ்க். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"நீர்தானோ தண்டயல்?"

"ஓம் ஐயா."

"நான் நிக்கிறன் எண்டு யோசியாதையும். வழமையாச் செய்யிறதைச் செய்யும்."

வழமையாகச் செய்வதென்றால் அப்பா அந்த நேரம் கூல்பாரில் இருக்க வேண்டும். அவர் ஒரு துணியை எடுத்து, துடைத்த சுக்கானையே மறுபடி மறுபடி துடைத்தார்.

அப்போது டோல்கி கேட்டது.

ஜெற்றிக்கும் வீதிக்கும் இடையில் ஒரு பெரிய கட்டடம் மறைத்து நின்றது. கூல்பார் தெரியாது, சத்தம் மட்டும் வரும். நல்ல அடி. உருண்டு உருண்டு வந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அப்பா பக்கத்தில்தான் நின்றார். இரண்டு கையும் சுக்கானில் இருந்தன.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரியும். டோல்கி இல்லாமல் கச்சேரி வைக்க முதலாளிக்கு மனமில்லை. டோல்கி அடிக்கத் தெரிந்த தன் மச்சானைக் குச்சவெளியிலிருந்து பஸ்ஸில் வரவழைத்திருந்தார். முதல் பாதியில் மூதூர்ச் சனம், "எங்க தண்டயல்?" என்று கேட்டபோது உண்மையைச் சொல்லப் பயந்து, "ஒரு சின்ன அலுவல், இடைவேளைக்குப் பிறகு வருவார்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் நம்பித் தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தார்கள். முதல் பாதியில் கூச்சத்தோடு மெதுவாகத் தட்டிய மச்சானுக்கு இடைவேளைக்குப் பிறகு கை சூடேறிவிட்டது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள், "ஆ, தண்டயல் வந்திட்டார்! அடியைக் கேட்டாலே தெரியுதே" என்று தலையாட்டி இன்னொரு தேத்தண்ணி சொன்னார்கள்.

ஐந்து மணி. அப்பா ஹோர்ன் அடித்தார். ஒருவரும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். அப்பா கயிறு அவிழ்க்கச் சொன்னார். தேத்தண்ணிக் கடையில் ஹோர்ன் கேட்டதாம். "தண்டயல் இங்க அடிக்கிறார். அங்க யாரோ ஹோர்னை அமத்தி விளையாடுறாங்க" என்று பேசிக்கொண்டார்களாம்.

லோஞ்ச் புறப்பட்டது. எண்பது பேர் போகிற லோஞ்சில் நீட்டுக்கு வாங்குப் பலகைகள் வெறுமையாகக் கிடந்தன. நடு வாங்கில் இன்ஸ்பெக்டர். அவருக்கு எதிரே, கால் நிலத்தில் முட்டாமல், நான்.

"தண்டயல், ஆக்கள் எங்கே?"

"நேரத்துக்கு வாற ஆக்கள் இவ்வளவுதான் ஐயா," என்றார் அப்பா, என்னைக் காட்டி.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். என்னிடம் ரிக்கற்றும் இல்லை. அவர் பைலைத் திறந்து எழுத ஏதாவது இருக்கிறதா என்று யோசித்து, மூடிவிட்டார்.

அதற்குள் யாரோ லோஞ்ச் இல்லாததைக் கண்டுவிட்டார்கள். ஜெற்றிக்குச் சனம் ஓடி வந்தது. சாரத்தை மடித்துக் கட்டியவர்கள், மூட்டையைத் தலையில் வைத்தவர்கள், கைப்பிள்ளையோடு ஒரு பெண், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர். எல்லாருமாகக் கையை ஆட்டிக் கத்தினார்கள். இன்ஸ்பெக்டர் எழும்பி நின்று பார்த்தார்.

"திருப்பும்," என்றார்.

"நேரம் அஞ்சு எட்டு ஐயா. சட்டப்படி திருப்ப ஏலாது."

"ஐசே, அந்தப் பிள்ளைக்காரி எங்கை போய்ப் படுக்கிறது? திருப்பும்!"

அப்பா சுக்கானை வளைத்தார். அவ்வளவு பெரிய வட்டம் அடித்துத் திருப்பத் தேவையில்லை. அன்று அடித்தார்.

ஜெற்றியில் கயிறு போட்டதும் சனம் ஏறவில்லை. சுக்கானில் நின்ற அப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. ஏனென்றால் வீதிப் பக்கம் டோல்கி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இதில பெட்டிசம் எழுதின ஹெட்மாஸ்டர் ஆர்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

மாஸ்டர் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"தண்டயல் டோல்கி அடிக்கிறதாலதான் லோஞ்ச் பிந்துதெண்டு எழுதியிருக்கிறீர். தண்டயல் இஞ்சை நிக்கிறார். டோல்கி அங்கை கேக்குது. என்ன இது?"

மாஸ்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரின் பைலைப் பார்த்தார். தன் கடிதம் என்ன செய்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். வாழ்நாளில் பொய் சொல்லாத மனிதர். கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

"எனக்குக் காது கொஞ்சம் சரியில்ல சேர்," என்றார். "ஆள் மாறிப் போச்சு."

"நாப்பத்தாறு பேருக்கும் காது சரியில்லையோ?"

அப்போது தேத்தண்ணிக் கடையிலிருந்து வந்த சனம் ஒரே குரலில் சொன்னது: "ஓம் சேர், நாங்களும் தண்டயல் எண்டுதான் நினைச்சம்! இப்பவும் அப்பிடித்தான் நினைச்சு இருந்த நாங்க. வித்தியாசமே தெரியல்ல சேர்!"

அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. இன்ஸ்பெக்டருக்கும் அது தெரிந்தது. முப்பது வருடம் பொய் கேட்ட உத்தியோகத்தர் அல்லவா? பைலைக் கட்டினார். "ஏறுங்கோ எல்லாரும்," என்றார். என்னை ஜெற்றியில் இறக்கி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மூட்டையும் பிள்ளையும் ஏற்றி, எல்லாரும் இருந்து முடிய ஐந்தரை ஆகிவிட்டது. அன்றைக்கும் லோஞ்ச் ஐந்தரைக்குத்தான் புறப்பட்டது.

நான் வீட்டுக்கு ஓடி வந்து மூச்சு வாங்க எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அம்மா கேட்டுவிட்டு, "வேலை தப்பிச்சுதெண்டு சொல்லு" என்றார். அடுப்புக்கு விறகு தள்ளப் போய்விட்டார்.

மாதம் ஒன்று போக, ஞாயிறுகளில் லோஞ்ச் ஐந்தரைக்குப் புறப்படும் என்று அறிவித்தல் வந்தது. ஐந்து மணிக்குப் பிரயாணிகள் வருவதில்லை என்பது நேரில் கண்ட உண்மை என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தாராம். பெட்டிசம் வென்றுவிட்டது. அடுத்த மாரி வரைக்கும் அந்தக் கூல்பாரில் நாங்கள் கேட்ட கச்சேரிகளை இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் நான் சொல்ல வந்தது இன்ஸ்பெக்டர் வந்த ஞாயிற்றுக்கு அடுத்த நாள், திங்கட்கிழமை மத்தியானத்தை.

அப்பா மூதூரிலிருந்து வந்தார். குதித்துக்கொண்டு வருவார் என்று பார்த்திருந்தேன். வந்தவர் கை கழுவிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டும் தட்டாமல் இருந்தார். அம்மா சோறு போட்டு, சூரைமீன் குழம்பு விட்டார். அப்பா பிசைந்தார், சாப்பிடவில்லை.

"மாஸ்டரோட கதைச்சீங்களோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம். பாவம், அழுதுபோட்டார். அந்தாளில ஒரு பிழையும் இல்லை. புதுக் குடை ஒண்டு வாங்கிக் குடுக்க வேணும்."

"பிறகென்ன முகம் இப்பிடி?"

அப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏழு மாசம் கேட்ட சனம். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியேல்லை. அடிச்சது நானில்லை எண்டு ஒரு ஆளுக்கும் தெரியேல்லையே."

பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. வேலை போகாத மனிதர் ஏன் இப்படி வாடிப்போய் இருக்கிறார் என்று எரிச்சல்கூட வந்தது. இன்ஸ்பெக்டருக்குப் பயந்த பயம் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். கனகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அம்மா அகப்பையைச் சட்டியில் வைத்தார்.

"எனக்குத் தெரியும்தானே," என்றார்.

அப்பா நிமிர்ந்தார்.

"கூல்பார்ச் சத்தம் எல்லாம் இந்தக் குசினிக்கு வரும். முதல் பாட்டிலேயே தெரியும், இது நீங்கள் இல்லையெண்டு. இவள் வந்து சொல்ல முதலே தெரியும்."

"எப்பிடி?"

"அந்தப் பொடியன் நல்லாத்தான் அடிச்சவன். பொய் சொல்லக் கூடாது, உங்களைவிட வேகமும் கூட," என்றார் அம்மா. "ஆனா பாட்டுக்காரன் மூச்செடுக்கிற இடத்தில நீங்கள் கையை எடுப்பீங்கள். அந்த ஆள் மூச்செடுத்து முடிய மட்டும் பாத்துக்கொண்டிருந்திட்டுத்தான் அடிப்பீங்கள். இவன் கையை எடுக்கேல்லை. அந்த மனிசன் மூச்சு முட்டிச் சாகப் போகுதோ எண்டு எனக்கு இஞ்ச நெஞ்சு அடிச்சுது."

அப்பா அம்மாவை அப்படிப் பார்த்து நான் அதற்கு முன் கண்டதில்லை. அம்மா அந்தப் பார்வைக்கு நிற்காமல் அடுப்புப் பக்கம் திரும்பி, ஒன்றும் கரியாத சட்டியைக் கிண்டினார். அப்பா குனிந்து ஒரு பிடி சாப்பிட்டார். பிறகு இன்னொரு பிடி. சோற்றுக் கோப்பை வெறுமையானதும், "இன்னும் கொஞ்சம் சோறு போடும்" என்றார்.